ஸ்கேனில் தெரியும் கல்லும் வலிக்குக் காரணமான கல்லும்

மேல்வயிற்றில் வலி என்று வருபவரின் பித்தப்பையில் கல் இருக்கிறதா, இல்லையா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிட இன்றைய அல்ட்ராசவுண்ட் கருவியால் முடிகிறது. அந்த வலி அந்தக் கல்லால்தான் வந்ததா என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை. இவ்விரு கேள்விகளும் ஒன்றே எனக் கொள்வதால் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு பிழைகள் நேர்கின்றன. அஜீரணத்துக்காகவோ முழு உடல் பரிசோதனையின் ஒரு பகுதியாகவோ எடுக்கப்படும் ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் கல், அதுவரை எந்தத் தொல்லையும் தராதிருந்தும், உடனே அகற்றப்பட வேண்டிய நோயாகிவிடுகிறது. மறுபுறம், பித்தப்பையிலிருந்தே எழும் வலி ‘கேஸ்’ என்றும் ‘அல்சர்’ என்றும் பெயர் பெற்று, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளிலேயே மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறது. ஸ்கேன் மையங்கள் சிற்றூர்கள் வரை பெருகிய வேகத்தில், வலியின் இயல்பைக் கேட்டறிவதற்கு மருத்துவர் ஒதுக்கும் நேரம் பெருகவில்லை என்பதே இவ்விரண்டுக்கும் பொதுவான காரணம்.

பித்தப்பையை அகற்றும் முதல் அறுவை சிகிச்சையைக் கார்ல் லாங்கன்பூக் 1882ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று பெர்லினில் செய்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1895இல். உடலுக்குள் பார்க்க எந்தக் கருவியும் இல்லாத அந்நாளில் நோயாளியின் சொற்களையும் மருத்துவரின் கைவிரல்களையும் மட்டுமே நம்பிப் பித்தக்கல் கண்டறியப்பட்டது. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டுமென்று எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அன்று தவிர்க்க முடியாதிருந்த கேள்விகள் இன்று கேட்கப்படாமலே போவதற்கு நியாயம் இல்லை.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைச் சுரக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் அதில் ஒரு பகுதியை வாங்கி, நீர்ப்பங்கை உறிஞ்சி அடர்த்தியாக்கி வைத்திருந்து, கொழுப்புள்ள உணவு முன்சிறுகுடலை அடைந்ததும் சுருங்கி வெளியேற்றுவது பித்தப்பையின் வேலை. அதன் கொள்ளளவோ 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். பித்தநீரில் கரையக்கூடிய அளவை மீறிக் கொலஸ்டிரால் சேரும்போது அது படிகமாகிக் கல்லாகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் அழியும்போது, அவற்றிலிருந்து பிறக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கால்சியத்துடன் கூடிக் கருநிற நிறமிக் கல்லாகிறது. நாளங்களில் கிருமித்தொற்று நீடிக்கும்போது பழுப்பு நிறக் கற்கள் உருவாகின்றன.

நாற்பதை எட்டிய, உடல் பருமனான, பிள்ளை பெற்ற பெண் என்று பாடநூல்கள் தீட்டிக்காட்டும் நோயாளியின் சித்திரம், மேலைநாடுகளில் மிகுந்துள்ள கொலஸ்டிரால் கல்லை வைத்து வரையப்பட்டது. வட இந்தியாவிலும் கொலஸ்டிரால் கற்களே மிகுதி. தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, மெலிந்த உடல்வாகு கொண்ட ஆணுக்கு வரும் மேல்வயிற்று வலியை, அவர் அந்தச் சித்திரத்தில் பொருந்தவில்லை என்பதற்காகப் பித்தப்பையின் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது தமிழ்நாட்டில் சற்றும் பொருந்தாத பழக்கம். நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணு இரத்தக் கூறு இருப்பது 1952இலேயே மருத்துவ ஏடுகளில் பதிவானது. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் பெறும் அரிவாள் அணு நோய் உள்ள சிறுவர்களுக்குக்கூடச் சிவப்பணுச் சிதைவால் நிறமிக் கல் உண்டாகலாம் என்பதோடு, அந்நோயே கடும் வயிற்று வலியையும் மஞ்சள் கண்களையும் தரும் என்பதால், எந்த வலி எதனால் வந்தது என்று பிரித்தறிவது அங்கே இன்னும் கடினம்.

பித்தப்பையின் கழுத்திலோ அதிலிருந்து வெளியேறும் மெல்லிய குழாயிலோ கல் வந்து அடைத்துக்கொள்ள, சுருங்க முயலும் பையின் உள்ளழுத்தம் உயர்வதால் பித்த வலி பிறக்கிறது. பித்தப்பை வலப்புற விலா எலும்புகளின் கீழ் இருந்தாலும் வலி பெரும்பாலும் அங்கே தொடங்குவதில்லை. கருவளர்ச்சியில் இரைப்பையும் கல்லீரலும் பித்தப்பையும் முன்குடல் என்ற ஒரே பகுதியிலிருந்து உருவானவையாதலால், அவற்றின் உணர்வு நரம்புகள் முதுகுத்தண்டின் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் சென்று சேர்கின்றன. அதனால் எந்த உறுப்பு என்று மூளையால் பிரித்துணர முடியாமல், வலி நெஞ்சுக்குழியில் தோன்றுகிறது. பிறகு அது வலப்புறமாகவும், முதுகுக்கும் வலத் தோள்பட்டைக்கும் பரவக்கூடும். நெஞ்சுக்குழி வலி என்றாலே அமிலத்தின் வேலை என்று முடிவுகட்டும் வழக்கத்தில், நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து தவறுவது இந்த இடத்தில்தான்.

வலியின் இடத்தைவிட அதன் நடத்தை கூடுதலாகப் பேசுகிறது. குடல் வலி விட்டுவிட்டு முறுக்கும். பித்த வலி சிறிது நேரத்தில் ஏறி, உச்சத்தில் நிலையாக நின்று, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் சில மணி நேரம் வரை நீடித்து, பிறகு முற்றிலும் அடங்குகிறது. உணவு உண்டு ஒரு மணி நேரம் கழித்தோ, நள்ளிரவில் உறக்கத்தைக் கலைத்தோ வரும் இவ்வலி அன்றாடம் வருவதில்லை. இரண்டு தாக்குதல்களுக்கு இடையே வாரங்களோ மாதங்களோ கழியலாம், அந்த இடைவெளியில் அவர் நலமாகவே இருப்பார். செரிமானக் கோளாறுகளை வகைப்படுத்தும் ரோம் வரையறைகளின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பும் இதையேதான் வலியுறுத்துகிறது: வேலையை நிறுத்தவைக்கும் அளவு கடுமையும், அரைமணி நேரமாவது நீடிக்கும் நிலைத்தன்மையும் பித்த வலிக்கு வேண்டும், மலம் கழிப்பதாலோ, படுக்கும் நிலையை மாற்றுவதாலோ, அமிலத்தை அடக்கும் மருந்தாலோ அது குறிப்பிடத்தக்க அளவு தணியக்கூடாது. இதற்கு மாறாக, வயிற்று உப்புசமும் ஏப்பமும் எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாமையும் பித்தக்கல் உள்ளவர்களிடம் காணப்படும் அளவுக்கே கல் இல்லாதவர்களிடமும் காணப்படுகின்றன. இந்தத் தொல்லைகளுக்காக ஸ்கேன் எடுத்துக் கல்லைக் கண்டவர், கல்லை எடுத்ததும் ஏப்பம் நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நெஞ்சுக்குழி வலிக்கு மாரடைப்பும் காரணமாகலாம். குறிப்பாக இதயத்தின் கீழ்ச்சுவரைத் தாக்கும் மாரடைப்பு, குமட்டலும் வியர்வையுமாய்ப் பித்த வலியைப் போலவே தோன்றும். நடுத்தர வயதைக் கடந்தவருக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் வயிற்று ஸ்கேனுக்கு முன்பே ஈசிஜி எடுக்கப்பட வேண்டும். பித்தப்பையில் பழைய கல் ஒன்று இருப்பது தெரிந்திருப்பதே இத்தகைய வேளையில் ஆபத்து, ஏனெனில் விடை கிடைத்துவிட்ட நிறைவில் தேடல் நின்றுபோகிறது.

கல்லைப் படத்தில் காணும் முயற்சியின் வரலாறு அல்ட்ராசவுண்டுக்கு முன்பே தொடங்கியது. பித்தக்கற்களில் பத்து முதல் இருபது விழுக்காடே எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்குக் கால்சியம் கொண்டவை. சிறுநீரகக் கற்களின் நிலை ஏறத்தாழ இதற்கு நேர்மாறு. 1924இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாமும் வாரன் கோலும், பித்தநீரில் வெளியேறும் சாயப்பொருளை உடலுக்குள் செலுத்திப் பித்தப்பையை எக்ஸ்ரே படத்தில் காட்டினர். பின்னர் மாத்திரை வடிவம் பெற்ற அந்த முறை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கோலோச்சியது. 1970களில் வந்த அல்ட்ராசவுண்ட் அதை ஓரங்கட்டியது.

அல்ட்ராசவுண்டில் கல்லுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு: ஒலியலைகளைத் திருப்பியனுப்புவதால் அது வெண்மையாகத் தெரியும், அலைகள் அதைக் கடக்க முடியாததால் அதன் பின்னே கருநிழல் விழும், நோயாளி புரண்டு படுத்தால் அதுவும் இடம்பெயரும். பித்தப்பைச் சுவரில் ஒட்டி வளரும் சதைமுளை நகராது, நிழலும் தராது. பித்தநீர் கெட்டியாகிப் படியும் பித்தக் கசடு நகரும், நிழல் தராது. கழுத்தில் சிக்கிய கல்லோ நகர மறுக்கும், அதனால்தான் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்ப்பது சடங்காகக் கழியக்கூடாது. ஆறு மணி நேரமாவது உண்ணாமல் வரச்சொல்வதற்கும் காரணம் உண்டு; உணவுக்குப் பின் சுருங்கிய பையில் சிறு கற்கள் ஒளிந்துகொள்ளும், சுவரும் தடித்ததுபோல் பொய்த்தோற்றம் தரும். முறையாகச் செய்யப்பட்டால் பித்தப்பைக் கற்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் கண்டுபிடிக்கும் இந்த எளிய சோதனையை விட்டு, விலை கூடிய சி.டி. ஸ்கேனே மேலானது என்று எண்ணுவோர் பலர். கொலஸ்டிரால் கற்கள் பித்தநீரின் அதே அடர்த்தியில் இருந்தால் சி.டி. படத்தில் தெரிவதே இல்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் கற்கள் அதில் தப்பிவிடுகின்றன. அழற்சியின் சிக்கல்களையும் புற்றுநோய் ஐயத்தையும் ஆராய்வதில்தான் சி.டி.க்கு இடம்.

கல்லே இல்லாத இடத்தில் கல் தெரிவதும் உண்டு. செஃப்ட்ரியாக்சோன் என்ற, நம் மருத்துவமனைகளில் வெகு தாராளமாகச் செலுத்தப்படும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி மருந்து, பித்தநீரில் கால்சியத்துடன் சேர்ந்து படிந்து, நிழலோடு கூடிய கற்களைப் போலவே ஸ்கேனில் தோன்றும். மருந்தை நிறுத்திய சில வாரங்களில் அது தானே மறைந்துவிடும். காய்ச்சலுக்காக ஒரு வாரம் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைக்குப் புதிதாகக் ‘கல்’ கண்டறியப்பட்டால், அறுவை மருத்துவரைத் தேடுவதற்கு முன் அந்த மருந்துச் சீட்டைத் தேட வேண்டும்.

டெங்கு இதைவிடப் பெரிய பொறி வைக்கிறது. பித்தப்பைச் சுவர் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பது பித்தப்பை அழற்சியின் அறிகுறி என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. ஆனால் டெங்குக் காய்ச்சலில் இரத்த நாளங்களிலிருந்து பிளாஸ்மா நீர் கசியும்போதும் அச்சுவர் வீங்கித் தடிக்கிறது. காய்ச்சல், வலப்புற மேல்வயிற்று வலி, தடித்த சுவர், சுற்றிலும் சிறிது நீர் என்று அழற்சியின் படமே அப்படியே அமைந்துவிடும். ஈரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, மஞ்சள் காமாலையைத் தரும் கல்லீரல் அழற்சி, இரத்தத்தில் ஆல்புமின் குறைவு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். தட்டணுக்கள் சரிந்திருக்கும் டெங்கு நோயாளியை, அவரிடம் பழைய கல் ஒன்று தற்செயலாக இருந்துவிட்டால், அறுவை அரங்கை நோக்கி நகர்த்துவது உயிராபத்தாக முடியும். மழைக்கால மாதங்களில் அப்படியொரு ஸ்கேன் அறிக்கை வரும்போது, தட்டணு எண்ணிக்கையையும், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமடோகிரிட் அளவையும் அதன் அருகில் வைத்தே படிக்க வேண்டும்.

உண்மையான அழற்சியை அறிய, சிகாகோ அறுவை மருத்துவர் ஜான் மர்ஃபி 1903ஆம் ஆண்டளவில் விளக்கிய எளிய சோதனை இன்றும் துணைநிற்கிறது. வலப்புற விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், இறங்கிவரும் பித்தப்பை விரல்களைத் தொட்டதும் நோயாளி வலியில் மூச்சைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். அதே சோதனையை ஸ்கேன் கருவியின் முனையை வைத்துச் செய்யும்போது, அழுத்தப்படுவது பித்தப்பைதான் என்று கண்ணாலேயே கண்டு உறுதிசெய்ய முடிகிறது. கருவியும் கைவிரலும் ஒன்றாய் இயங்கும் அருமையான தருணம் அது. அடைப்பு நீங்காமல் வலி ஆறு மணி நேரத்தைக் கடந்து நீடிப்பது அழற்சியை ஐயுற வைக்கும். காய்ச்சல், வெள்ளணுக்களின் உயர்வு, மர்ஃபி குறி, ஸ்கேனில் தடித்த சுவர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே 2018ஆம் ஆண்டின் டோக்கியோ வழிகாட்டுதல்கள் கடும் பித்தப்பை அழற்சியை உறுதிசெய்கின்றன. வலிநிவாரணி ஊசி போட்ட பிறகு மர்ஃபி குறி மறைந்துவிடலாம். முதியவர்களிடமும் நீரிழிவு நோயாளிகளிடமும் காய்ச்சலும் வலியும் மங்கியே இருக்கலாம். ஐயம் தீராத இடங்களில், கல்லீரல் உறிஞ்சிப் பித்தநீரில் விடும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது பித்தப்பைக்குள் நுழைகிறதா என்று பார்க்கும் ஹைடா ஸ்கேன் வழிகாட்டும்.

கல் பித்தப்பையை விட்டு நழுவிப் பொதுப் பித்தநாளத்துக்கு, அதாவது கல்லீரலின் பித்தநீரை முன்சிறுகுடலில் சேர்க்கும் பெருங்குழாய்க்கு, வந்துவிட்டால் நோயின் முகம் மாறுகிறது. கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கருமஞ்சளாகிறது, மலம் வெளிறுகிறது, உடலில் அரிப்பு எடுக்கிறது. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியையும் பத்தியத்தையும் நாடும் வழக்கம் ஆழ வேரூன்றிய மண்ணில் இதைத் தனித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வைரஸால் வரும் காமாலை பலருக்குத் தானே வடிந்துவிடும். அடைப்பால் வரும் காமாலை அப்படி வடியுமென்று காத்திருக்க முடியாது. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், வலி, மஞ்சள் ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால் அது பித்தநாளத் தொற்று. பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877இல் குறித்த இந்த மும்மைக்குப் பின் மனக்குழப்பமும் இரத்த அழுத்தச் சரிவும் தொடர்ந்தால், காத்திருப்பில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரைப் பணயம் வைக்கும்.

பித்தப்பைக்குள் அத்தனை கூர்மையாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட், குடல்வாயு மறைப்பதால் இந்நாளத்தின் கீழ்ப்பகுதியில் தடுமாறுகிறது. நாளம் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருப்பது போன்ற மறைமுகத் தடயங்களையும், பிலிருபின், ஆல்கலைன் பாஸ்படேஸ் போன்ற இரத்த அளவுகளையும் அது துணைக்கழைக்க வேண்டியிருக்கிறது. நாளம் விரிந்திருக்க, பிலிருபின் டெசிலிட்டருக்கு நான்கு மில்லிகிராமையும் தாண்டியிருந்தால், நாளத்தில் கல் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அந்நிலையில் எண்டோஸ்கோப்பி வழியே நாளத்துக்குள் சென்று கல்லை அகற்றும் ஈ.ஆர்.சி.பி. முறையை நேரடியாக மேற்கொள்ளலாம். ஐயம் நடுத்தரமாக உள்ளவர்களுக்கு, ஊசியோ குழாயோ இன்றிக் காந்த அலைகளால் நாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. முதலில் வர வேண்டும். ஏனெனில் ஈ.ஆர்.சி.பி. செய்யப்படுவோரில் நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேர் வரை கணைய அழற்சிக்கு ஆளாகின்றனர். கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் அந்த விலையைக் கொடுப்பது தகாது.

தொல்லை தராத கல்லை என்ன செய்வது என்பதுதான் மிகுதியான குடும்பங்களை அலைக்கழிக்கும் கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களுள் அறிகுறியற்ற பித்தக்கல் கொண்ட 123 பேரைப் பின்தொடர்ந்து 1982இல் வெளியான ஆய்வில், பதினைந்து ஆண்டுகளில் வலி கண்டவர்களின் பங்கு 18 விழுக்காடுதான். வலி உள்ளவர்களைப் பற்றிய செய்தியும் எண்ணிப்பார்க்கத் தக்கது. நெதர்லாந்தில் 1,067 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், வலியின் கடுமை, நீடிப்பு, இடம், முதுகுக்குப் பரவுதல், வலிநிவாரணிக்குக் கட்டுப்படுதல் ஆகியவற்றைச் சோதித்த பிறகே அறுவை என்று ஒரு குழுவும், வழக்கமான முறையில் மற்றொரு குழுவும் நடத்தப்பட்டன. ஓராண்டு கழித்து வலியின்றி இருந்தோர் முதற்குழுவில் 56 விழுக்காடு, இரண்டாவதில் 60 விழுக்காடு. வடிகட்டும் முறை அறுவைகளின் எண்ணிக்கையைக் குறைத்ததே தவிர, அது வழக்கமான முறைக்கு ஈடானது என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் எந்தக் குழுவில் இருந்தாலும் பத்தில் நான்கு பேருக்கு வலி நீடித்தது என்ற முடிவு, அவர்களில் பலரின் வலிக்குக் கல் காரணமே இல்லை என்பதையே சுட்டுகிறது. நுண்துளை அறுவை எளிதாகிவிட்ட காலம் இது என்றாலும், ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளம் காயப்படும் அபாயம் அதில் இன்னும் இருக்கிறது.

தொல்லை தராத கல்லை விட்டுவைக்கலாம் என்பதற்கு விலக்குகள் இல்லாமல் இல்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லும், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சதைமுளையும் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடையவை என்பதால் அவற்றை வலியின்றியும் அகற்றக் காரணம் உண்டு. கங்கைச் சமவெளி மாநிலங்களில் பித்தப்பைப் புற்றுநோய் உலகளவிலேயே மிகுந்து காணப்படுவதால், அங்கே அமைதியான கல்லைப் பற்றிய வாதமே வேறு; அந்த அச்சத்தை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பெயர்த்துக்கொண்டு வருவதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

ஸ்கேன் அறிக்கைகளின் அடியில், மருத்துவ நிலையுடன் பொருத்திப் பார்க்கவும் என்ற பொருளில் ஒரு வரி வழக்கமாக அச்சாகியிருக்கும். அறிக்கையில் எவரும் படிக்காமல் விடும் வரியும் அதுவே. அந்தப் பொருத்தம் ஸ்கேனுக்குப் பின் அல்லாமல் முன்பே தொடங்க வேண்டுமானால், பரிந்துரைச் சீட்டில் ‘வயிற்று வலி’ என்ற இரு சொற்களோடு நிறுத்தாமல், வலி எங்கே, எத்தனை மணி நேரம், எத்தனை முறை, காய்ச்சலோ மஞ்சளோ உண்டா, அண்மையில் செலுத்தப்பட்ட மருந்து எது என்பவற்றை எழுதுவதை மருத்துவமனைகள் கட்டாயமாக்கலாம். இரண்டு நிமிட வேலை அது. அதே விவரங்கள் எதிர்த் திசையிலும் பயன்படும். வலியின் வரலாறு பித்தப்பையையே சுட்டிக்காட்ட, ஸ்கேன் மட்டும் கல் இல்லை என்று சொன்னால், மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்கற்களும் கசடும் தப்பியிருக்கக்கூடும் என்பதால், சில வாரங்கள் கழித்து வெறும் வயிற்றில் மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பதும், அதிலும் தெளியாவிட்டால் இரைப்பை வழியே உள்ளிருந்து பார்க்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டுக்கு அனுப்புவதும் முறை. காரணம் தெரியாத கணைய அழற்சி என்று கோப்பில் எழுதப்பட்ட பலருக்கு, அந்தச் சோதனையில்தான் கடுகளவுக் கற்கள் அகப்படுகின்றன.